மீட்டர்காரர் சொன்ன ஜோக்

"அந்த ஜோக் என்னன்னு சொல்லுங்க ஐயா, எழுதிக்கறேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

இந்தப் பக்கம் நின்றிருந்த மீட்டர்காரர் தொண்டையைச் செருமினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள், அதுவரை ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஓரடி முன்னால் நகர்ந்தார்கள்.

"தெரியாதும்மா," என்றார் மீட்டர்காரர்.

"எது தெரியாது?"

"எந்த ஜோக்குன்னு."

குமாஸ்தா பெண் பேனாவை மூடவில்லை. ஆனால் தாளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஐயா, ஒரு ஜோக் சொன்னதுக்காகப் போன ஆட்சியில உங்களை உள்ள போட்டாங்க. வேலையும் போச்சு. அதுக்குத்தான் நிவாரணம் கேட்டு வந்திருக்கீங்க."

"ஆமாம்மா."

"ஜோக் சொன்னது நீங்கதானே?"

"நானாத்தான் இருக்கணும். வேற யாரு சொல்லப் போறா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மீட்டர்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குடிநீர் வாரியத்தில் மீட்டர் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர் அவர். ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. அந்த ஆட்சியில், பிடித்தவர்களிடம் என்ன குற்றம் என்று சொல்லும் பழக்கம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "என்ன பண்ணினேன்னு உனக்கே தெரியும், எழுது" என்பார்கள். மாட்டியவர் தாமே யோசித்து, தமக்குப் பொருத்தமான ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சரியாக எழுதிவிட்டால் அடி கொஞ்சம் குறையும்.

மீட்டர்காரருக்கு அதிர்ஷ்டம். விசாரித்த அதிகாரி வாய் தவறி, "இதானா அந்த ஜோக் விஷயம்?" என்று பக்கத்து அதிகாரியிடம் கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா? பட்டறையின் ஷட்டரைத் தூக்கும் நேரத்திலிருந்து இறக்கும் நேரம் வரை ஜோக் சொல்லிக்கொண்டே இருக்கும் ஆள் அவர். 'ஜோக் விஷயத்தில் நான் செய்தது தப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சில வருஷம் இருந்தார். உள்ளே அவருக்குப் பெயரே 'ஜோக் கேஸ்'தான்.

அத்தனை வருஷமும் அவரைக் குடைந்தது ஒரே ஒரு கேள்வி. எந்த ஜோக்? தாம் சொன்ன ஜோக்கையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்துப் பார்த்துவிட்டார். எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு ஆட்சி கவிழ்ந்தது. கவிழ்ந்தவர்கள் போகிற போக்கில் அத்தனை கோப்புகளையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். இப்போது புது ஆட்சி, புது ஆணையம், புதுக் கண்ணாடித் தடுப்பு.

"அதை எழுதாம விட முடியாதாம்மா?"

"முடியாதுங்க ஐயா. மூணு வகை இருக்கு. ஆட்சியைப் பத்தின ஜோக்னா அரசியல் பழிவாங்கல். நிவாரணம் உண்டு, சான்றிதழ் உண்டு. மேலதிகாரியைப் பத்தின ஜோக்னா ஆபீஸ் தகராறு. எங்ககிட்ட வராது. பொண்டாட்டி ஜோக்னா..."

"பொண்டாட்டி ஜோக்னா?"

"அது உங்க குடும்ப விஷயம்."

அந்தக் கடைசி வகைதான் மீட்டர்காரரைப் பயமுறுத்தியது. அவர் சொன்னதில் பாதி அந்த வகைதான்.

*

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள்.

அவள்தான் இந்த அலைச்சலுக்கெல்லாம் காரணம். டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். பள்ளிக்கூடம்கூட ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் உத்தரவு கைக்கு வரவில்லை. 'தந்தை தண்டனை பெற்றவர்' என்று எங்கேயோ ஒரு வரி எரியாமல் தப்பித்திருந்தது. ஆணையம் சான்றிதழ் கொடுத்தால் அந்த வரி செத்துப்போகும். இந்த மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவளுக்குப் போய்விடும்.

மீட்டர்காரர் நடந்ததைச் சொன்னார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உங்க ஜோக்கைக் கேட்டு உள்ள போட்டாங்கன்னா அதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. எந்த ஜோக்குன்னு கேக்கறாங்க பாருங்க, அதுதான் ஆச்சரியம். எல்லாத்துக்கும் சேர்த்துன்னு எழுதிக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே?"

"நீ ஒருத்தியாவது ஒண்ணை ஞாபகம் வச்சிருக்கக் கூடாதா?"

"நான் சிரிச்சிருந்தாத்தானே ஞாபகம் இருக்கும்?"

"அம்மா, சும்மா இரும்மா," என்றாள் மகள். "அப்பா, கேளு. ரெக்கார்டு எல்லாம் எரிஞ்சு போச்சு. அப்புறம் நீ எதை எழுதினா யாருக்குத் தெரியப் போகுது? ஆட்சியைப் பத்தி ஒரு ஜோக்கை எழுதிக் குடுத்துடு. முடிஞ்சு போச்சு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்லப்பா. நீ சொன்ன ஆயிரம் ஜோக்குல அதுவும் ஒண்ணா இருந்திருக்கும். இல்லன்னு உன்னால சொல்ல முடியுமா?"

முடியாதுதான். டீச்சர் வேலைக்கு இவளைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆள் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் தாளில் எழுதிக்கொண்டு போனார். ஆணி ஜோக். எல்லா வீட்டிலும் தலைவர் படம் மாட்ட வேண்டும் என்று உத்தரவு. ஒருத்தன் கடைக்குப் போய் ஆணி கேட்கிறான். 'படம் வேணும்னா எத்தனை வேணும்னாலும் எடுத்துக்க, ஆணிதான் தட்டுப்பாடு' என்கிறார் கடைக்காரர். 'அப்போ இந்த ஆளை எப்பத்தாங்க தொங்க விடறது?' என்கிறான் இவன்.

குமாஸ்தா பெண் படித்தாள். முகத்தில் அசைவில்லை. எழுந்து போய் ஒரு இரும்பு அலமாரியைத் திறந்தாள். உள்ளே மேலிருந்து கீழ்வரை கட்டுக் கட்டாகத் தாள்கள்.

"இந்த அலமாரி முழுக்க ஆணி ஜோக்தான் ஐயா. உங்களைக் கொண்டுபோய் இதுல சேர்க்கணும்."

"சேர்த்துடும்மா. இடம் இருக்கா?"

"இடம் இருக்கு. ஆனா இத்தனை பேர் இதே ஜோக்கைச் சொல்லி மாட்டியிருக்க முடியாதுன்னு மேலிடத்துல சந்தேகம். மொதல்ல சொன்னவர் யாருன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் இந்த அலமாரியைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

"எப்பக் கண்டுபிடிப்பாங்க?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நல்ல பெண். வாய்விட்டு எதையும் சொல்லவில்லை.

"எழுதினதைத் திருப்பிக் குடுத்துடும்மா. தப்பா ஞாபகம் வந்துடுச்சு."

"திருப்பிக் குடுக்கறேன். ஆனா உங்க மனுவுல 'சந்தேகத்துக்குரியது'ன்னு ஒரு குறிப்பு போட்டுத்தான் ஆகணும்." போட்டாள். "ஒண்ணு பண்ணுங்க. அன்னிக்கு உங்ககூட இருந்தவங்க யாராவது ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க. அவங்க இன்ன ஜோக்குன்னு சொல்லிட்டா குறிப்பை அடிச்சுடறேன்."

*

ஸ்டோர்காரர், பட்டறையில் ஒரு வாஷரைக்கூடக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. மீட்டர்காரருக்கு நாற்காலி போட்டுவிட்டு, அவர் உட்காரும் வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, என்னைப் புடிச்சுட்டுப் போனாங்களே, அதுக்கு மொத நாள் பட்டறையில நான் என்ன ஜோக் சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"மொத நாளா? மீட்டரைச் சோதிக்கற புது டெஸ்ட் பெஞ்சைத் திறந்து வைக்க அமைச்சர் வந்தாரே, அந்த நாளா?"

"அதேதான்."

"ஞாபகம் இல்லாமலா? சிரிப்புல பட்டறைத் தகரமே அதிர்ந்துச்சேப்பா. நம்ம மேஸ்திரி வயித்தைப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

மீட்டர்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். இத்தனை வருஷம் தேடியது இதோ, இந்த மனிதரின் வாய்க்குள் இருக்கிறது.

"என்ன ஜோக்குண்ணே?"

ஸ்டோர்காரர் வாயைத் திறந்தார். கொஞ்ச நேரம் திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு மூடினார்.

"சிரிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. எதுக்குன்னுதான்..."

"அமைச்சர் என்ன பேசினாருன்னு யோசிச்சுப் பாருங்க. அதை வச்சு நான் எதாவது சொல்லியிருப்பேன்."

"அவர் பேச்சை யாருப்பா கேட்டா? முன்வரிசையையே பாத்துக்கிட்டு இருக்கணும், அவங்க கை தட்டினா நாமளும் தட்டணும். அதுக்கே நேரம் சரியா இருந்துச்சு. ஆனா ஒண்ணு. எல்லாரும் பெஞ்சுப் பக்கம் பாத்துத்தான் சிரிச்சோம். பெஞ்சுல நின்னது நீதானே?"

"நான்தான். வால்வைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கையை எடுத்திருந்தா அமைச்சர் அங்கேயே குளிச்சிருப்பாரு. தண்ணி இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல. சிரிச்ச ஞாபகம்கூட இல்லண்ணே எனக்கு."

"ஜோக் சொன்னவன் எங்கப்பா சிரிப்பான்?" என்றார் ஸ்டோர்காரர். "அதுலயே தெரியலையா, சொன்னது நீதான்னு?"

மீட்டர்காரருக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. வால்வைப் பிடித்திருந்தால் என்ன, வாயையா பிடித்திருந்தார்? அது பாட்டுக்கு எதையாவது சொல்லியிருக்கும்.

"எது எப்படியோ, சாட்சி சொல்ல வர்றீங்களாண்ணே? என் பொண்ணு வேலை இதுலதான் இருக்கு."

"வராமலா? நீ ஒண்ணும் கவலைப்படாதே," என்று சொல்லி அனுப்பினார் ஸ்டோர்காரர்.

அப்படியே மேஸ்திரியையும் பார்த்தார். அவருக்கும் சிரித்தது ஞாபகம் இருந்தது. தரையில் உட்கார்ந்தது ஞாபகம் இருந்தது. பேன்ட்டில் ஒட்டிய கிரீஸ் கறை போகவே இல்லை என்பதுகூட ஞாபகம் இருந்தது. ஜோக் மட்டும் இல்லை.

"அதுக்கென்ன, வந்து சொல்லிடறேன்," என்றார் அவரும்.

*

இரண்டு நாள் கழித்து ஆணையத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். மீட்டர்காரர் ஓடினார்.

குமாஸ்தா பெண்ணின் மேஜையில் ஒரு புதுக் கட்டு இருந்தது.

"ஐயா, நான் உங்களை என்ன கொண்டு வரச் சொன்னேன்?"

"சாட்சி."

"நீங்க மனுதாரர்களைக் கொண்டு வந்திருக்கீங்க."

ஸ்டோர்காரர் சாட்சி சொல்ல வந்தவர், வரிசையில் நின்றபோது கொஞ்சம் யோசித்திருக்கிறார். யோசித்ததில் அந்த ஜோக்கை மீட்டர்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததே தாம்தான் என்று தோன்றியிருக்கிறது. உருவாக்கியவருக்கு இல்லாத நிவாரணமா எடுத்துச் சொன்னவருக்கு? தனி மனு போட்டுவிட்டார். மேஸ்திரியும் யோசித்திருக்கிறார். அந்த ஜோக்குக்குச் சிரித்ததால்தான் தம் பதவி உயர்வு நின்றுபோனது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டு, பட்டறையில் அன்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் வந்து, சிரித்த பாவத்துக்குத் தாங்கள் பட்டதையெல்லாம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அவ்வளவு பேருமா?"

"அவ்வளவு பேரும். அது பரவாயில்லை. ஜோக் என்னங்கற இடத்துல ஆளுக்கொரு ஜோக் எழுதியிருக்காங்க. மேஸ்திரி எழுதினதைப் படிக்கவா?"

"வேண்டாம்மா. பொண்டாட்டி ஜோக்கா?"

"மாமியார்."

மீட்டர்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இது இப்ப உங்க ஒருத்தர் மனு இல்லை ஐயா. எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து 'பட்டறை ஜோக் வழக்கு'ன்னு ஆக்கிட்டாங்க. அடுத்த வாரம் தலைவி அம்மா நேர்ல விசாரிக்கறாங்க. அன்னிக்காவது எல்லாரும் ஒரே ஜோக்கைச் சொல்லுங்க." குரலைத் தாழ்த்தினாள். "தலைவி அம்மா முன்னாடி ஜட்ஜா இருந்தவங்க. பொய்ச் சாட்சின்னு தெரிஞ்சா, உங்க மனு மட்டும் இல்லை, உங்க பொண்ணு பேரையும் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீட்டர்காரர் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பட்டறையே வந்து உட்கார்ந்திருந்தது. மூலையில் சைலன்சர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் குழாய் பொருத்துபவர். வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் அந்தப் பெயர்.

"மொதல்ல யார் சொன்னதுன்னு முடிவு பண்ணுங்க," என்றார் ஸ்டோர்காரர்.

"மொதல்ல என்ன சொன்னதுன்னு முடிவு பண்ணலாம்ணே," என்றார் மீட்டர்காரர்.

"மாமியார் ஜோக் நல்லா இருக்கு," என்றார் மேஸ்திரி.

"அதுக்கு உங்க மாமியார்தான் நிவாரணம் கேக்கணும்," என்றாள் மகள்.

ஒருவர் ரேஷன் வரிசை ஜோக்கைச் சொன்னார். அதில் வரிசை நீளம், ஜோக்கும் நீளம். இன்னொருவர் ரயில் ஜோக் சொல்லி, முடிவு மறந்துபோய், ரயிலை நடுவழியிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்டோர்காரர் சொன்னதை இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை. டீ கொடுத்துக்கொண்டிருந்த மீட்டர்காரர் மனைவி ஒவ்வொன்றையும் நின்று கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்தவரிடம் போனாள். அவள் உதடு பிதுங்கிய ஜோக்கை மகள் தாளில் அடித்தாள். தாள் காலியாகிவிட்டது.

மீட்டர்காரர் சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தார்.

"நாம பழுது பாத்த மீட்டருக்கும் அந்த அமைச்சர் பேச்சுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல போ," என்றார், யாரிடமும் இல்லாமல். "உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது. வெறும் காத்துலயே நாள் பூரா ஓடும். பில்லு மட்டும் நமக்கு வரும்."



'டொக்' என்று ஒரு சத்தம். அவர் மனைவி டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதைப் பார்த்து மகள் சிரித்தாள். அப்புறம் பட்டறையே சிரித்தது. சைலன்சர்கூடச் சத்தமில்லாமல் குலுங்கினார்.

மீட்டர்காரர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து முயற்சி செய்கிறார்.

"இதான்," என்றாள் மகள். "இதுதான் அந்த ஜோக். எல்லாரும் எழுதிக்குங்க."

"இதை நான்தான் சொன்னேன்னு லேசா ஞாபகம் வருது," என்றார் ஸ்டோர்காரர்.

*

விசாரணைக் கூடத்தில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்த வயதான மைக் செட்காரர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது கீச்சென்று கத்தியது. ஒரு ஒயரைப் பிடுங்கி வேறிடத்தில் செருகினார். மறுபடி கத்தியது.

"அதை அப்புறம் பாக்கலாம்," என்றார் ஆணையத் தலைவி. கனமான கண்ணாடி. அதைவிடக் கனமான குரல். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

முதல் பெஞ்சில் பட்டறை. அதற்குப் பின்னால் மீட்டர்காரரின் மனைவியும் மகளும். சுவரோரம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

"மனுதாரர் அந்த ஜோக்கைச் சொல்லலாம்."

மீட்டர்காரர் எழுந்தார். வீட்டில் ஒத்திகை பார்த்தது நல்லதாகப் போயிற்று. காற்று என்ற இடத்தில் ஒரு இடைவெளி விட்டார். பில் என்ற இடத்தில் குரலை இறக்கினார். கூடம் கொல்லென்று சிரித்தது. தலைவியின் உதட்டோரம்கூட ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவர் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கோப்பு கொஞ்சம் ஆடியது.

கோப்பு இறங்கியபோது முகம் பழையபடி இருந்தது.

"ஆட்சியைப் பற்றிய ஜோக்தான். அதில் சந்தேகம் இல்லை." பேனாவை எடுத்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாட்சிகள் இதை ஒப்புக்கொண்டால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். முதல் சாட்சி."

மேஸ்திரி எழுந்தார்.

"இதே ஜோக்தாங்கம்மா. கேட்டுட்டு நான் தரையில உக்காந்துட்டேன்."

"அடுத்தவர்."

"இதே ஜோக்தான்," என்றார் ஸ்டோர்காரர். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "ஆனா இதை அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான். சரக்கு ஸ்டோர்லேருந்து போனது. அவர் எடுத்துட்டுப் போய்ச் சொன்னாரு, அவ்வளவுதான்."

"எப்போது சொல்லிக் கொடுத்தீர்கள்?"

"அதுக்கு மொத வாரம்."

"அண்ணே, மொத வாரம் நீங்க லீவுல இருந்தீங்க," என்றார் மேஸ்திரி.

"லீவுல வீட்டுக்கு வந்தாரு. அப்பச் சொன்னேன்."

"நான் எப்பண்ணே உங்க வீட்டுக்கு வந்தேன்?" என்றார் மீட்டர்காரர். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று புரிந்தது.

தலைவியின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அவர் பார்வை பெஞ்சின் மேல் மெதுவாக நகர்ந்து, கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஆளிடம் நின்றது.

"நீங்கள் சொல்லுங்கள். இந்த ஜோக்கை நீங்கள் எப்போது கேட்டீர்கள்?"

சைலன்சர் எழுந்தார். பட்டறை மூச்சைப் பிடித்தது.

"ஞாயித்துக்கிழமை," என்றார் சைலன்சர். "இவங்க வீட்டுல. டீ நல்லா இருந்துச்சு."

அந்த வருஷத்துக்கு அவர் பேச வேண்டியதைவிட அதிகமாகவே பேசிவிட்டு உட்கார்ந்தார்.

தலைவி பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மனுதாரர் என்ன சொல்கிறார்?"

மீட்டர்காரர் மறுபடி எழுந்தார். இந்தத் தடவை ஒத்திகை இல்லை.

"தப்புதாங்கம்மா. இந்த ஜோக்கை நான் போன வாரம்தான் சொன்னேன். அன்னிக்கு என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. உள்ள இருந்தப்ப தினமும் அதைத்தான் யோசிச்சேன். அடி வலி போயிடுச்சு. இது போகல. ஒரு மனுஷனைப் புடிச்சு உள்ள போடற அளவுக்கு அப்படி என்னத்தைச் சொல்லித் தொலைச்சேன்னு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. நிவாரணம் வேண்டாங்கம்மா. எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. பொண்ணு பேரை மட்டும் எடுத்துடாதீங்க. அது இந்த ஜோக் எதையும் கேட்டதில்லை. அப்ப அது பள்ளிக்கூடத்துல இருந்துச்சு."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் தண்டிக்கப்பட்டது உண்மை. அது எனக்குத் தெரிகிறது. எதற்காக என்று தெரியாமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள், இவரோடு சேர்ந்து மனுப் போடாதவர்கள், யாராவது ஒருவர் இருக்கிறார்களா?"

 பட்டறை முழுக்க மனுப் போட்டிருந்தது.

கீச்சென்று மைக் கத்தியது. எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் இருந்தேங்கம்மா," என்றார் மைக் செட்காரர், ஒயரைக் கையில் பிடித்தபடி. "அந்த டெஸ்ட் பெஞ்சு திறப்பு விழாவுக்கும் நான்தான் மைக். இந்த ஊருல எந்த ஆட்சி வந்தாலும் மைக் என்னுதுதான். அமைச்சருக்குப் பக்கத்துல கூட்டத்தைப் பாத்து நின்னது நான் ஒருத்தன்தான். எனக்கு இவரு முகம் நல்லா ஞாபகம் இருக்கு."

மீட்டர்காரர் முன்பெஞ்சின் மரச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன ஜோக் சொன்னேன் ஐயா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலியே."

பின்பெஞ்சில் மகளிடமிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டது. தலைவி முன்னால் சாய்ந்தார்.

"ஜோக்கே சொல்லவில்லை என்றால் இவரை எதற்காகப் பிடித்தார்கள்?"

மைக் செட்காரர் ஒயரை அதன் இடத்தில் செருகினார். மைக் இந்தத் தடவை கத்தவில்லை. அவர் குரல் நான்கு சுவரிலும் பட்டுத் தெளிவாக வந்தது.

"ஜோக் சொன்னது அமைச்சருங்கம்மா. முன்பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, இவங்க அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இவரு ஒருத்தர்தான் சிரிக்கல."